இருபத்தெட்டு மூட்டையும் அட்மின் பாஸ்வேர்டும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனியில் கேட்டபோது, முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். ரேம் மாற்றுவதும் ஃபேன் துடைப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததற்கு வீடியோ இருக்கிறது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி எழுதி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு சங்கதி ஞாபகம் வந்தது. அது எந்த வீடியோவிலும் வராது. நானே அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, ஏனென்றால் அதில் நான் அவ்வளவு புத்திசாலியாகத் தெரிய மாட்டேன்.

வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே உங்களுக்கும் இது நடக்கும். சின்ன வேலையாகத்தான் இருக்கும், புது பிரிண்டர் இணைப்பது மாதிரி. போய் உட்காருவீர்கள். பின்னால் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் கொஞ்சம் மிடுக்காகவே மவுஸைத் தட்டுவீர்கள். திரை மங்கும். நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றுகொண்டு, நிர்வாகியின், அதாவது அட்மினின், பாஸ்வேர்டு கொடு என்று கேட்கும். நீங்கள் திரும்பி, பாஸ்வேர்டு என்ன சார் என்பீர்கள். பின்னால் நிற்கும் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்தப் பாஸ்வேர்டை வைத்தவர் எப்போதும் வேலையை விட்டுப் போயிருப்பார். நான் போன இடங்களில் ஒரு தடவைகூட அவர் உள்ளூரில் இருந்ததில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியாது. உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போன பெண் ரொம்ப நாள் வரைக்கும் நான் ஒருத்திதான். மொபெட்டை நிறுத்திவிட்டுப் பையோடு உள்ளே போனால், எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

"இன்ஜினியர் பின்னாடி வர்றாராம்மா?"

"வந்துட்டாருங்க. உங்க எதுருலதான் நிக்கிறாரு."

இப்படியே வருடக்கணக்கில் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. எந்த இடத்திலும் 'முடியவில்லை' என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுக்கக் கூடாது. எடுத்தால், பின்னாலேயே ஒரு ஆம்பளையை வரச் சொல்லிப் போன் போடுவார்கள். அதனால் ஒரு பெட்டி என் முன்னால் வந்து நின்றால், அதைத் திறக்கிற வரைக்கும் எனக்குச் சோறு தண்ணீர் இறங்காது.

அந்த வீம்பில் ஒரு தடவை நன்றாகவே பட்டிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகம். அட்மின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. என்னிடம் ஒரு பென் டிரைவ் உண்டு, உங்களிடமும் இருக்கும், அதைச் செருகி உள்ளே புகுந்து பழைய பாஸ்வேர்டைத் துடைத்து எறிந்துவிட்டேன். பத்தே நிமிடம். பெருமையாக எழுந்து நின்றேன். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அச்சகக்காரர் தன் கோப்புகளை எல்லாம் அந்தப் பாஸ்வேர்டோடு சேர்த்துப் பூட்டி வைத்திருந்தார் என்பது. ஒரு பத்திரிகையும் திறக்கவில்லை. முகூர்த்தத்துக்குப் பதினைந்து நாள் இருக்கிற வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. "சாவியக் காணோம்னுதாம்மா சொன்னேன். வூட்டையே இடிச்சிட்டியே" என்றார். அன்றிலிருந்து அந்தப் பென் டிரைவைப் பையின் அடியில் போட்டுவிட்டேன்.

இனி நெல் சங்கத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்த சித்திரை மாதம். உத்திரமேரூரில் இருந்து மாகறல் பக்கம் போகிற வழியில் ஒரு கிராமம். ஊர் பெயர் வேண்டாம், அங்கே எல்லோரும் இன்னும் என்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். விவசாயிகள் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கம். ஒரு சிமெண்டுக் களம், ஓர் எடை மேடை, ஒரு கிடங்கு, ஓர் அலுவலக அறை, அறைக்குள் ஒரே ஒரு கம்ப்யூட்டர். மூட்டையை மேடையில் வைத்தால் எடை ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். சீட்டு அச்சாகி வரும். சீட்டு வந்த மூட்டை கிடங்குக்குள் போகும். எடையைக் கையால் தட்டி ஏற்ற முடியாது. முன்பு ஆளுக்கு ஒரு மாதிரி எழுதி அடிதடி வரைக்கும் போனதால், அப்படிப் பூட்டி வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான்.

அந்த ஒயரை எலி கடித்துவிட்டது.

நெல் கிடங்குச் சுவரை ஒட்டி ஒயர் இழுத்தால் எலி கடிக்காமல் கும்பிட்டுவிட்டா போகும். காலை பத்து மணிக்குப் புது ஒயரோடு போய் இறங்கினேன். ஒயரை மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் புது ஒயர் கம்ப்யூட்டருக்குள் வேறு ஒரு இணைப்பு எண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. சங்கத்தின் மென்பொருளோ பழைய எண்ணில்தான் தராசைத் தேடும். செட்டிங்ஸுக்குள் போய் அந்த எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. தட்டினேன். திரை மங்கியது. பெட்டி வந்து நின்றது.

"பாஸ்வேர்டு இன்னா ஏழுமலை?"

ஏழுமலை அந்தச் சங்கத்தின் எழுத்தர். நல்ல பையன், ஆனால் பயந்த சுபாவம். கிடங்குச் சாவியை இடுப்பில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருப்பான். நடக்கும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

"எனுக்கு எப்டி மேடம் தெரியும்? நான் வந்தே எட்டு மாசந்தான் ஆவுது. முன்ன இருந்த சுகுமாருதான் எல்லாம் வெச்சாரு."

"சுகுமாருக்குப் போன் போடு."

"போட்டேன். சுவிச் ஆப்னு வருது. அவுரு மச்சினிச்சிக்கு நாளைக்கிக் கல்யாணமாம்."

அன்றைக்கு முதல் ஆளாக எடை போட வேண்டியவள் கன்னியம்மா. ஏரிக்கரை ஓரத்தில் இருக்கும் இருளர் குடியிருப்பில் இருந்து வந்தவள், முப்பத்தைந்து வயது இருக்கும். அதுவரை அவளும் அவள் புருஷன் மாரியும் மற்றவர்கள் நிலத்தில் நட்டு, களை பறித்து, அறுத்துக் கொடுத்தவர்கள். அந்த நவரைப் பட்டத்துக்குத்தான் முதல் தடவையாக அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துத் தாங்களே பயிர் வைத்திருந்தார்கள். நாற்பது கிலோ சாக்கில் இருபத்தெட்டு மூட்டை கண்டிருந்தது. முந்தின நாளே காயப்போட்டு, தூற்றி, ஈரம் பார்த்து, சாக்கில் பிடித்துத் தைத்து, எடை மேடைக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்துவிட்டாள். மற்றவர்களுடைய நெல் களத்தில் குவியலாகத் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் அவர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கன்னியம்மாவிடம் தார்ப்பாய் இல்லை. யார் வீட்டுக் காதுகுத்துக்கோ வைத்த பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றுதான் இருந்தது. அதில் மொட்டை அடித்த ஒரு குழந்தை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, அந்த மூட்டைகளின் மேல் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பாதி மூட்டையைக்கூட அது மூடவில்லை.

பதினொரு மணி சுமாருக்கு அவள் ஜன்னல் ஓரமாக வந்து நின்றாள்.

"யக்கா, மூட்டய உள்ள வெச்சுட்டு, மிஷின் சரியானதும் எட போட்டுக்கக்கூடாதா?"

எனக்குப் பதில் ஏழுமலை சொன்னான். "சீட்டு இல்லாம ஒரு மூட்ட உள்ள போவாது. அதான் ரூல்."

அவள் போய்விட்டாள். இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. என் கண் எல்லாம் பெட்டியின் மேல் இருந்தது.

பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கிற வேலை தொடங்கியது. சுகுமாரை நன்றாகத் தெரிந்தவர்கள் என்று நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். அவர் பொண்டாட்டி பெயரைப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளை பெயர், அதுவும் தெரியவில்லை. அவருடைய பைக் நம்பர் என்ன என்று கேட்டேன். நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். போட்டேன். தப்பு என்றது. குலதெய்வத்தின் பெயர், நெல் ரகத்தின் பெயர், சங்கத்தின் பெயர் என்று வரிசையாகப் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் தப்பு, தப்பு என்று அதே பதில்.

பன்னிரண்டு மணிக்குத் தலைவர் வந்தார். சங்கத் தலைவர் நல்ல மனிதர், நிறைய நிலம் உள்ளவர், சத்தமாகப் பேசுவார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு நேராக உட்கார்ந்தார்.

"இன்னாமோ நிர்வாகி நிர்வாகின்றியேம்மா. இந்தச் சங்கத்துக்கு எனுக்கு மேல இன்னா நிர்வாகி? என் பேரப் போடு."

போட்டேன். தப்பு என்றது.

"இனிசியலோட போடு."

இனிஷியலோடு போட்டேன். அதற்கும் தப்பு என்றது. அவர் முகம் வாடிவிட்டது. "எலி யாராண்ட பர்மிஷன் கேட்டுக்கினு உள்ள பூந்துச்சு? பதினஞ்சு வருசமா தலைவரா கீறேன், என்னத் தெரியலியே இதுக்கு" என்றார். ஏழுமலை அவருக்கு மோர் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினான்.

அப்போது அந்த நாலு பேரில் ஒருவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சுகுமார் சி.பி.யூ.வின் பக்கவாட்டில் ஏதோ ஒரு சீட்டு ஒட்டி வைத்திருந்தார், அதில் எழுதியிருக்கலாம் என்றார். பார்த்தால், சி.பி.யூ.வின் அந்தப் பக்கம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் போன வருடத்துப் பொட்டைத் துடைக்காமல், அதன் மேலேயே அடுத்த பொட்டை வைத்திருக்கிறார்கள். ஓட்டாஞ்சில்லு கனத்துக்கு இருந்தது. எல்லோரும் சுற்றி நிற்க, ஏழுமலை முதலில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு ரூபாய் நாணயத்தால் சுரண்டினான். கால் மணி நேரம் சுரண்டிய பிறகு அடியில் இருந்து ஒரு சீட்டு வெளியே வந்தது. எழுத்தும் தெரிந்தது. நான் டார்ச் அடித்துப் படித்தேன்.

"இன்னா மேடம் போட்டுகீது?"

"வாரண்டி முடியிற தேதி."

அதுவும் முடிந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

சாப்பாட்டு வேளை போனதே தெரியவில்லை. தலைவர் சாப்பிட்டுவிட்டு வந்து, எங்கேயோ கேட்ட சங்கதியை எடுத்துவிட்டார். "பென் டிரைவுன்னு ஒண்ணு போட்டா தானா தொறந்துக்குமாமே. உன்னாண்ட இல்லியா?"

இருந்தது. பைக்குள் கைவிட்டேன், அது கையிலும் பட்டது. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் அந்தப் போகத்துக்குப் பதிவு செய்த அத்தனை பேருடைய வரிசையும் எடையும் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. வேறு எங்கும் நகல் இல்லை. அச்சகக்காரர் முகம் ஞாபகம் வந்தது. "இல்லீங்க, அது வேணாம். உள்ள கீறது போச்சுன்னா ஊரே அடிச்சிக்கும்" என்று சொல்லிக் கையை வெளியே எடுத்துவிட்டேன். அது சரியான முடிவு. இன்றைக்கும் அதையேதான் செய்வேன். ஆனால் அந்த ஒரு முடிவைச் சரியாக எடுத்துவிட்ட பெருமையில், நான் செய்துகொண்டிருந்தது மொத்தமும் சரி என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்குப் பெட்டி வேறு ஒன்று சொன்னது. தப்பான பாஸ்வேர்டு நிறைய தடவை போட்டுவிட்டீர்கள், கணக்கைப் பூட்டிவிட்டேன், கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள் என்றது. தலைவர் திரும்பிச் சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்தார்.

"இன்னிக்குச் செவ்வாக்கெழம. மூணுலேந்து நாலர ராவுகாலம். அதுக்கே தெரிஞ்சிகீது பாரு. நாலரைக்கு மேல வந்தா தானா தொறக்கும்." சொல்லிவிட்டு பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். நாலு பேரும் கலைந்து போனார்கள்.

காலையில் இருந்து அப்போதுதான் நான் முதல் தடவையாக வெளியே வந்தேன். தண்ணீர் குடிக்கலாம் என்று. காலையில் கண்ணைக் கூசிய வெயிலைக் காணோம். ஏரிக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. காற்று குளிர்ந்து, களத்துத் தூசியைக் கிளப்பியது. கோடை மழை எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டெல்லாம் வராது. மாரி அந்த பிளெக்ஸை இந்த மூலைக்கு இழுத்தால் அந்த மூலை திறந்துகொண்டது. குழந்தை சிரித்தபடியே இருந்தது.

கன்னியம்மா வானத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, தொறந்துச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"அந்தப் பொட்டிக்கி சாவி இல்ல, சரி. கொடோனு சாவி அவுரு இடுப்புலதான கீது?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. இதையேதான் அவள் காலை பதினொரு மணிக்கும் கேட்டாள். நாலு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த நாலு மணி நேரமும் கிடங்கு பத்தடி தூரத்தில், பாதி காலியாக, சாதாரணப் பூட்டு ஒன்று போட்டுக் கிடந்தது. அதற்கு உள்ளே போக நெல்லுக்கு எந்தப் பாஸ்வேர்டும் வேண்டாம். என்னைக் கூப்பிட்டது கம்ப்யூட்டரைச் சரி செய்ய. அதனால் என் வேலை கம்ப்யூட்டர் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டுவிட்டேன். சாக்கில் கட்டிய நெல் நனைந்தால் இரண்டு நாளில் முளைவிட்டுவிடும், ஈரம் ஏறியதைச் சங்கமும் எடுக்காது. அவளுடைய முதல் வெள்ளாமை அது. இருபத்தாறு வருட வேலையில் நான் இவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது.

உள்ளே போனேன்.

"ஏழுமலை, கொடோனத் தொற."

அவன் கை தானாகச் சாவிக்குப் போனது, திறக்க அல்ல, பிடித்துக்கொள்ள. "சீட்டு இல்லாம எப்டி மேடம்?"

"சீட்டு நான் எழுதித் தர்றேன்."

"நாளைக்கி ஒரு மூட்ட கொறஞ்சிச்சின்னா என் தலையிலதான விடியும்?"

"என் தலையில விடியட்டும். எழுதிக் குடுத்தா தொறப்பியா?"

அவன் யோசித்தான். இடி ஒன்று இடித்தது. "நீங்க எந்தப் பவர்ல மேடம் கையெழுத்து போடுவீங்க?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். பையில் இருந்து பேனாவை எடுத்து, என் சர்வீஸ் தாளைத் திருப்பிப் போட்டேன். 'கன்னியம்மாள் நெல், இருபத்தெட்டு மூட்டை, கிடங்கில் இருக்கிறது. எடை பிறகு போடப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்குக் கீழே பதவி எழுத வேண்டும். சர்வீஸ் என்ஜினியர் என்று எழுதினால் கிடங்குக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்பான். காலையில் இருந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு வார்த்தை நாக்கில் நின்றது. கோபத்தில் அதையே எழுதிவிட்டேன். 'அட்மின்.'

ஏழுமலை அதை இரண்டு தடவை படித்தான். பிறகு சங்கிலியில் இருந்து சாவியைக் கழற்றினான். அவனுக்கு வேண்டியிருந்தது தன்னுடையது அல்லாத ஒரு கையெழுத்து. காலையிலேயே நான் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

மாரியும் ஏழுமலையும் ஆளுக்கு ஒரு மூட்டையாகத் தூக்கினார்கள். நானும் கன்னியம்மாவும் ஆளுக்கு ஒரு முனை பிடித்தோம். என் இடுப்பு இன்றைக்கும் அந்த நாளைச் சொல்லும். சத்தம் கேட்டுத் தலைவர் எழுந்து வந்தார்.

"ராவுகாலத்துல நெல்ல உள்ள ஏத்தறீங்களே, இது நல்லாவா கீது?"

"மழ ராவுகாலம் பாத்துக்கினு ஏரியிலயே நிக்குமா தலைவரே?" என்றாள் கன்னியம்மா, நிற்காமல்.

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு வாசலில் நின்று சத்தமாக எண்ண ஆரம்பித்தார். இருபத்திரண்டு வரைக்கும் எண்ணினார். அதற்குள் மழை வந்துவிட்டது. மிச்சம் ஆறு மூட்டை வெளியே கிடந்தது. தலைவர் எண்ணுவதை விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, பிளெக்ஸின் ஒரு முனையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். மறுமுனையை நான் பிடித்தேன். மூட்டை நகர நகர நாங்களும் பந்தல் மாதிரி கூடவே நகர்ந்தோம். பதினைந்து வருடத் தலைவரின் தலைக்கு மேலே கூலிங் கிளாஸ் போட்ட குழந்தை தலைகீழாகச் சிரித்துக்கொண்டு வந்தது. கடைசி இரண்டு மூட்டையின் வெளிச்சாக்கு மட்டும் லேசாக ஈரமானது. கன்னியம்மா அதைத் தன் முந்தானையால் துடைத்து, உடனே பிரித்துக் கிடங்குத் தரையில் பரப்பிவிட்டாள். நெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கரண்டும் போய்விட்டது. எல்லோரும் கிடங்கு வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஏழுமலையின் போன் அடித்தது. சுகுமார். பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது. ஏழுமலை போனை என்னிடம் கொடுத்தான்.

"இன்னா மேடம், இத்தினி தபா போன் பண்ணிக்கீறீங்க?"

"அட்மின் பாஸ்வேர்டு இன்னா சுகுமாரு?"

"பாஸ்வேர்டா? நான் எதுவும் வெக்கலியே மேடம். ஒண்ணும் போடாம சும்மா எண்டர் தட்டுங்க, தொறந்துக்கும்."

போனை ஏழுமலையிடம் திருப்பிக் கொடுத்தேன். என்ன சொன்னார் என்று தலைவர் கேட்டார். சொன்னேன். அவர் இருட்டிக் கிடந்த அலுவலக அறையைத் திரும்பிப் பார்த்தார். குலதெய்வத்தில் தொடங்கிப் பைக் நம்பர் வரைக்கும் போட்டுப் பார்த்தவர்கள், எதுவுமே போடாமல் ஒரு தட்டு தட்டிப் பார்க்கவில்லை. வேறு யாருக்காவது நடந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். கரண்டு வந்திருந்தது. ஜன்னலில் கன்னியம்மா நின்றாள். பெட்டியை வரவழைத்து, காலியாகவே விட்டு, எண்டரைத் தட்டினேன். செட்டிங்ஸ் திறந்துகொண்டது.

"இன்னாக்கா எழுதினே?"

"ஒண்ணும் எழுதலம்மா."

"அத்த நேத்தே எழுதாம இருந்திருக்கலாமே" என்றாள்.

இனி எந்த ஊருக்குப் போனாலும் முதலில் வெறுமனே ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். இதை நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். பாஸ்வேர்டு இல்லாமல் விட்டது சுகுமாருடைய தப்பு, அதையும் அன்றே சரி செய்தேன். புதிதாக ஒன்று வைத்து, தாளில் எழுதி, உறையில் போட்டு, தலைவரின் பீரோவில் வைக்கச் சொன்னேன். சந்தனம் வைக்கக் கூடாது என்றும் சொன்னேன். எண்ணை மாற்ற அரை நிமிடம்தான் ஆனது. தராசு பேச ஆரம்பித்தது.

பரப்பியிருந்ததை மறுபடி சாக்கில் பிடித்து, இருபத்தெட்டு மூட்டையையும் எடை போட்டார்கள். சீட்டு அச்சாகி வந்தது. ஏழுமலை அதைக் கன்னியம்மாவிடம் நீட்டினான். அவள் என்னிடம் நீட்டினாள்.

"இதுல யாரு பேரு கீது?"

படித்துப் பார்த்தேன். நிலத்துக்காரருடைய பெயர் இருந்தது.

"பட்டா யாரு பேர்ல கீதோ அவுங்க பேருதான் வரும்" என்றான் ஏழுமலை, கொஞ்சம் சங்கடத்தோடு.

"தெரியும்" என்றாள் அவள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து அந்தக் கம்ப்யூட்டரையே பார்த்தேன். அந்தப் பெயரை மாற்றுகிற இடம் எந்த செட்டிங்ஸிலும் கிடையாது. இருந்திருந்தால், அன்றைக்கு என்னிடம் முழு அதிகாரமும் இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருப்பேன்.

ஏழுமலை நேற்று நான் எழுதிக் கொடுத்த தாளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தான். சீட்டு வந்துவிட்டது, இனி அது வேண்டாம் என்று உருவிக் கிழிக்கப் போனான். கன்னியம்மா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இத்தப் படி."

"கன்னியம்மாள் நெல், இருபத்தெட்டு மூட்டை, கிடங்கில் இருக்கிறது. எடை பிறகு போடப்படும்."

"இன்னொரு தபா படி."

படித்தேன். இந்தத் தடவை மாரியும் ஜன்னலுக்கு வந்து கேட்டான்.

"கீழ இன்னா எழுதிக்கீறே?"

"என் கையெழுத்து. அதுக்குக் கீழ, அட்மின்."

அவள் என்னைப் பார்த்தாள், ஏழுமலையைப் பார்த்தாள், மேசை மேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நேத்து பூரா இந்த அட்மினத்தான தேடிக்கினு இருந்தீங்க?" என்றாள். "உன் பையிலயே பேனா இருந்துகீது."